கடன் வாங்காதவன் கடனாளியா?

2024ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் மாலை, பஸ் கண்டக்டர் ஒருவர் நமது அலுவலகத்துக்கு வந்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உள்ளவர். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும், நர்ஸிங் கல்லூரி கொடுத்த அனுமதிக் கடிதமும், கல்விக் கடன் கேட்டு எழுதிய மனுவுக்கு ஒரு பாங்கிலிருந்து வந்த பதிலும் இருந்தன. “இணைக் கடன்தாரரின் கடன் வரலாறு திருப்திகரமாக இல்லை. எனவே மனு நிராகரிக்கப்படுகிறது.” பதில் இவ்வளவுதான்.

இணைக் கடன்தாரர் வேறு யாருமல்ல, அவரேதான். மகளுக்குக் கல்விக் கடன் வேண்டுமானால் தகப்பனாரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தகப்பனாரின் யோக்கியதையையும் பாங்கு பார்க்கும்.

“தோழர், சொசைட்டிக் கடனை நான் ஒரு மாசம்கூடத் தவறவிட்டதில்லை. மளிகைக் கடை பாக்கி என்று ஒருவர்கூட என் வீட்டு வாசலில் வந்து நின்றதில்லை. நான் எப்படிக் கடனாளி ஆனேன்?” என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனோம். கண்டறிந்ததை வாசகர்கள் முன் வைக்கிறோம். ஏனெனில் இது ஒரு கண்டக்டரின் வீட்டோடு நிற்கும் விவகாரமல்ல. சம்பளம் பாங்கு மூலம் வாங்குகிற எந்தத் தொழிலாளிக்கும் நாளைக்கே வரக்கூடியது.

இரவில் நடந்த திருட்டு

அவருக்குச் சம்பளக் கணக்கு வைத்திருந்த பாங்கு ஒன்று, கிரெடிட் கார்டு ஒன்றையும் கொடுத்திருந்தது. அவர் கேட்டு வாங்கியதல்ல. டெப்போவுக்கே ஆள் அனுப்பி, “இலவசம்தான், வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே” என்று படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போனார்கள். ஒரு முறை குளிர்சாதனப் பெட்டி வாங்கினார். தவணை முழுவதையும் கட்டி முடித்தார். அதன் பிறகு கார்டு பீரோவில் கிடந்தது.

2022ம் ஆண்டு அக்டோபர் மாதம், வெளியூர் டெப்போவில் இரவுத் தங்கலில் இருந்தபோது அவர் செல்போனுக்கு அடுத்தடுத்து மூன்று செய்திகள் வந்தன. வெளிநாட்டு வியாபாரி ஒருவனிடம் அவர் மூன்று பொருள் வாங்கியிருப்பதாகவும், மொத்தம் 48,700 ரூபாய் என்றும் அவை கூறின. ரகசிய எண் எதுவும் அவருக்கு வரவில்லை. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. விடியற்காலையில் கண் விழித்துச் செய்தியைப் பார்த்தவுடன் பாங்கின் டெலிபோனுக்குப் பேசினார். கார்டை முடக்கினார்கள். புகார் எண் கொடுத்தார்கள். பத்து நாட்களுக்குள் அந்தத் தொகை கணக்கில் தற்காலிகமாகத் திரும்ப வரவு வைக்கப்பட்டது. விஷயம் முடிந்தது என்று அவர் நினைத்தார்.

2023 ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது. “சரியான கார்டு விவரங்களைக் கொண்டே இந்தக் கொள்முதல் நடந்துள்ளது. ஆகவே தங்கள் புகார் முடிக்கப்படுகிறது.” மறுபடியும் 48,700 ரூபாய் அவர் தலையில் ஏற்றப்பட்டது.

இந்தப் பதிலைச் சற்று யோசித்துப் பாருங்கள். கள்ளச் சாவி போட்டு வீட்டைத் திறந்து திருடிவிட்டான். புகார் கொடுக்கப் போனால், “பூட்டு உடையவில்லை, சாவி சரியாகப் பொருந்தியிருக்கிறது, ஆகவே திருட்டு நடக்கவில்லை” என்று போலீஸ்காரர் சொன்னால் எப்படி இருக்கும்? கார்டு விவரம் சரியாக இருந்தால்தானே திருட முடியும்! நம் நாட்டுக்குள் இணையத்தில் நடக்கும் கார்டு கொள்முதலுக்கு இரண்டாவது சோதனை வேண்டும் என்று 2009ம் ஆண்டிலேயே ரிசர்வ் பாங்கு கட்டாயப்படுத்தியது. வெளிநாட்டு வியாபாரியிடம் நடக்கும் கொள்முதலுக்கு அந்தக் கட்டாயம் பல ஆண்டுகள் இல்லை. அந்தச் சந்து வழியாகத்தான் திருடன் நுழைந்தான். சந்தை அடைக்காமல் வைத்திருந்தது கண்டக்டர் அல்ல.

வாங்காத பொருளுக்குப் பணம் கட்ட மாட்டேன் என்றார் அவர். நியாயமான பேச்சு. ஆனால் மாதம் மூன்றரை சதவீத வட்டியும், தாமதக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மீது வரியும் ஏறிக்கொண்டே போயின. வசூல் ஏஜெண்டுகள் பேசினார்கள். பிறகு டெப்போவுக்கே வந்து, சக தொழிலாளர்கள் முன்னால் “கார்டு பாக்கி வைத்துவிட்டு ஒளிந்து திரிகிறாயா?” என்று கேட்டார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். திருடியவன் கடல் கடந்து எங்கோ நிம்மதியாக இருக்கிறான். அவமானம் காக்கிச் சட்டை போட்டவருக்கு.

இதற்கிடையில் அவருக்கே தெரியாமல் இன்னொரு காரியமும் நடந்துவிட்டது. கடனைக் கட்டத் தவறியவர் என்று அவர் பெயர் சிபில் ஏட்டில் ஏறிவிட்டது.

சிபில் என்பது என்ன?

சிபில் என்பது சர்க்கார் இலாகா என்றே நமது ஜனங்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. அது ஒரு கம்பெனி. 2000ம் ஆண்டில் ஸ்டேட் பாங்கு முதலியவற்றின் பங்குடன் ஆரம்பிக்கப்பட்டது. பிற்காலத்தில் அதன் பெரும்பான்மைப் பங்குகளை அமெரிக்காவில் சிகாகோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டிரான்ஸ்யூனியன் என்ற கம்பெனி வாங்கிவிட்டது. இதைப் போன்ற கம்பெனிகள் நம் நாட்டில் நான்கு இருக்கின்றன. எக்விபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிப் ஹைமார்க் என்பவை மற்ற மூன்று. ரிசர்வ் பாங்கின் லைசென்ஸ் பெற்றவை. பாங்குகள் அனுப்பும் விவரங்களை ஏட்டில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் 300லிருந்து 900 வரை மதிப்பெண் போட்டு, அதைத் திரும்பப் பாங்குகளுக்கே விற்பது இவற்றின் தொழில்.

இந்த ஏட்டில் ஏறிய விவரம் குறைந்தபட்சம் ஏழு ஆண்டுகள் காக்கப்பட வேண்டும் என்பது விதி. கொலைக் குற்றவாளிக்குக்கூடக் கோர்ட்டில் பேச ஒரு சந்தர்ப்பம் உண்டு. இந்த ஏட்டில் பெயர் ஏறும்போது நம்மை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை.

வீட்டுக் கடன், கல்விக் கடன், தொழில் கடன் எல்லாவற்றுக்கும் இந்த ஏடு வாசற்படியாகிவிட்டது. கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க் கடனுக்கும் சிபில் பார்க்கும் பேச்சு 2025ல் எழுந்தபோது தமிழ்நாட்டு விவசாயிகள் கொதித்தெழுந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேலைக்கும் இதுவே வாசற்படி ஆகிறது. கடன் வரலாறு சரியில்லை என்று கூறி ஒருவரின் நியமனத்தை ஸ்டேட் பாங்கு ரத்து செய்தது செல்லும் என்று 2025 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மோசடியில் விளைந்த வழக்கல்ல. ஆனால் ஏட்டில் ஏறும் ஒரு வரி ஒருவன் பிழைப்பையே பறிக்கும் வலிமை பெற்றுவிட்டது என்பதற்கு அது சாட்சி. அப்படியானால் அந்த வரி உண்மையா பொய்யா என்று பார்ப்பது யார் வேலை?

சட்டம் சொல்வதும் நடப்பதும்

சட்டமே இல்லை என்று நாம் கூறவில்லை. சட்டம் இருக்கிறது. தொழிலாளிக்குச் சாதகமாகவும் சில இடங்களில் இருக்கிறது. அதை முதலில் தெரிந்துகொள்வோம்.

2017 ஜூலை 6ம் தேதி ரிசர்வ் பாங்கு பிறப்பித்த உத்தரவு என்ன கூறியது? பாங்கின் மீதும் தவறில்லை, வாடிக்கையாளர் மீதும் தவறில்லை, மூன்றாவது ஆள் செய்த மோசடி என்றால், செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு ஒரு காசு பொறுப்பும் கிடையாது. பத்து வேலை நாட்களுக்குள் தொகையைத் திரும்ப வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும். அதுவரை கிரெடிட் கார்டுக்காரர் மீது வட்டிச் சுமை ஏறக்கூடாது. இவற்றையெல்லாம் விட முக்கியமானது ஒன்று: வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய கடமை பாங்கைச் சேர்ந்தது. “நான் திருடவில்லை” என்று கண்டக்டர் நிரூபிக்க வேண்டியதில்லை. “நீதான் வாங்கினாய்” என்று பாங்குதான் நிரூபிக்க வேண்டும்.

2022 ஏப்ரல் 21ம் தேதி கிரெடிட் கார்டுகள் பற்றி ரிசர்வ் பாங்கு வெளியிட்ட உத்தரவு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒருவரைத் தவணை தவறியவர் என்று கடன் தகவல் கம்பெனிக்குத் தெரிவிப்பதற்கு முன்னால் அவருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. தாவா நிலுவையில் உள்ள கார்டு விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை வேண்டும், தாவா தீர்ந்த பிறகே அத்தகைய விவரத்தை வெளியிட வேண்டும் என்றது.

படித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. “தாவா தீர்ந்த பிறகே” என்பது உத்தரவு. தாவாவைத் தீர்ப்பது யார்? பாங்கு! “உங்கள் புகார் முடிக்கப்படுகிறது” என்று பாங்கே ஒரு கடிதம் எழுதிவிட்டால் தாவா தீர்ந்துவிட்டதாகக் கணக்கு. நமது கண்டக்டர் விஷயத்தில் நடந்ததும் அதுதான். மறுத்தவருக்குத் தாவா தீரவில்லை, பாங்குக்குத் தீர்ந்துவிட்டது.

சரி, ஏட்டில் ஏறிய பொய்யைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாமா? கேட்கலாம். 2005ம் ஆண்டின் கடன் தகவல் கம்பெனிகள் ஒழுங்குமுறைச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அந்தச் சட்டத்தின் 21வது பிரிவின்படி, திருத்தம் கேட்ட 30 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் அதே பிரிவு கூடவே இரண்டு முட்டுக்கட்டைகளையும் போட்டிருக்கிறது. முதலாவது, சம்பந்தப்பட்ட பாங்கு “திருத்தம் சரி” என்று சான்று கொடுத்தால் ஒழிய ஏட்டைத் திருத்தக் கூடாது. இரண்டாவது, விவகாரம் கோர்ட்டிலோ டிரிப்யூனலிலோ நிலுவையில் இருந்தால், அது முடியும் வரை பாங்கின் பேரேட்டில் உள்ளதே செல்லும்.

அதாவது, பாங்கு எழுதியது பொய் என்று நாம் புகார் சொன்னால், அது பொய்தானா என்று அந்தப் பாங்கிடமே கேட்பார்கள். கோர்ட்டுக்குப் போனாலோ, தீர்ப்பு வரும் வரை பாங்கின் கணக்கே வேதவாக்கு. குற்றம் சாட்டுபவரும் அவரே, சாட்சியும் அவரே, தீர்ப்புக் கூறுபவரும் அவரே! இதை விசாரணை என்று அழைப்பது எப்படி?

கண்டக்டருக்கு இது கண்ணெதிரே நடந்தது. 2024 ஆகஸ்டில் நாமே உட்கார்ந்து அவருக்கு மனு எழுதிக் கொடுத்தோம். பாங்குக்கு ஒன்று, கடன் தகவல் கம்பெனிக்கு ஒன்று. 24வது நாள் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. “தகவல் சரியானது எனப் பாங்கு உறுதி செய்துள்ளது. எனவே மாற்றம் ஏதும் இல்லை.” 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் பாங்கு ஒரு ஏற்பாடு செய்தது, அது 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதைக் கேட்டோம். “30 நாளுக்குள் பதில் கொடுத்துவிட்டோமே” என்றார்கள். மறுப்பதும் ஒரு பதில்தான் போலும்!

அமெரிக்காவில் ஒரு நீதி, இங்கே ஒரு நீதியா?

வேறு வழியே கிடையாதா, உலகமெங்கும் இப்படித்தானா என்று வாசகர்கள் கேட்கலாம். சிபிலின் எஜமானக் கம்பெனி தன் சொந்த நாட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் 1970ம் ஆண்டில் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் நிறைவேறியது. பின்னர் அதில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பிறர் தன் பெயரைத் திருடி வைத்த கடன் இது என்று ஒருவர் அடையாளச் சான்றும் திருட்டுப் புகாரின் நகலும் கொடுத்தால், கடன் தகவல் கம்பெனி நான்கு வேலை நாட்களுக்குள் அந்த விவரத்தை ஏட்டில் மறைத்துவிட வேண்டும். பாங்கின் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கார்டு திருட்டில் வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகக் கூடாது என்பதும் அந்நாட்டில் நெடுங்காலச் சட்டம்.

அமெரிக்கா தொழிலாளிகளின் சொர்க்கம் என்று நாம் கூற வரவில்லை. அங்கும் இந்தச் சட்டங்கள் யாரும் கருணையால் கொடுத்ததல்ல; பொய்க் கணக்கால் வேலையும் வீடும் இழந்த ஜனங்கள் கூக்குரல் எழுப்பியதால் வந்தவை. நாம் கேட்பது இதுதான். அதே கம்பெனி சிகாகோவில் நான்கு நாளில் செய்ய முடிந்ததை இங்கே ஏன் செய்யக் கூடாது? கம்பெனி இங்கே செய்யாததற்குக் காரணம், இந்தியச் சட்டம் அதைச் செய்யும்படி கேட்கவில்லை என்பதுதான். அந்தக் குற்றம் கம்பெனியுடையது மட்டுமல்ல. சட்டம் இயற்றிய சர்க்காரையும் சேர்ந்தது.

பாதி கட்டினால் போதுமா?

இந்த இடத்தில் ஒரு கண்ணியைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறோம். வட்டியோடு ஒரு லட்சத்தை நெருங்கிவிட்ட பாக்கியைப் பற்றி, “பாதி கட்டுங்கள், முடித்துவிடலாம்” என்று கண்டக்டரிடம் ஏஜெண்டு சொன்னான். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவரும் சபலப்பட்டார். நகையை வைத்தாவது கட்டித் தொலைத்துவிடலாம் என்றார்.

நாம் தடுத்தோம். ஏன்? அப்படிக் கட்டினால் ஏட்டில் கறை போகாது. “பேசித் தீர்க்கப்பட்டது” என்று எழுதுவார்கள். முழுக் கடனைக் கட்டாமல் குறைத்துக் கட்டியவர் என்று அதற்கு அர்த்தம். அடுத்த பாங்கும் அதைப் பார்த்து முகம் சுளிக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், வாங்காத கடனை வாங்கியதாக நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு எந்த அதிகாரியிடம் போய் நியாயம் கேட்பது? தேவைப்படுகிற நேரம் பார்த்து நெருக்கினால் ஏழை பணிந்துவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியும்.

நகை அடகுக் கடைக்குப் போகத்தான் செய்தது. ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்காகப் போனது. பாங்குக்காக அல்ல.

செப்டம்பர் மாதம் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்தோம். கடன் தகவல் கம்பெனிகளையும் 2022 செப்டம்பர் முதல் இந்தக் குறைதீர்ப்பாளரின் அதிகாரத்துக்குள் கொண்டுவந்திருந்தார்கள். கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை. கண்டக்டரிடம் இருந்தவை 2022ம் ஆண்டுப் புகார் எண், அந்த மூன்று செய்திகள், அன்று இரவு வெளியூர் டெப்போவில் தங்கியதற்கான டூட்டிப் பதிவு, சைபர் குற்றப் பிரிவில் கொடுத்த புகாரின் ரசீது. பாங்கு காட்டியது, கார்டு எண்ணும் மூன்று இலக்க எண்ணும் சரியாக இருந்தன என்ற கம்ப்யூட்டர் காகிதம் ஒன்றுதான். “இவர்தான் வாங்கினார் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்கப்பட்டபோது பாங்கிடம் பதில் இல்லை. 2025 ஜனவரியில் பாங்கு தொகை முழுவதையும் வட்டியோடு ரத்து செய்தது. ஏட்டில் இருந்த வரியும் நீக்கப்பட்டது.

வெற்றிதான். ஆனால் அதற்கு விலை என்ன? இரண்டு வருஷம் மூன்று மாத அலைச்சல். டெப்போவில் பட்ட அவமானம். லீவு போட்டு இழந்த சம்பளம். அந்தப் பெண் சேர்ந்த பிறகு முதல் வருஷம் கல்விக் கடன் இல்லை. நகை இன்னும் அடகில் இருக்கிறது. மாதா மாதம் வட்டி போகிறது. இதற்கெல்லாம் பாங்கு ஒரு வருத்தக் கடிதம்கூட எழுதவில்லை.

நமது குறையும் உண்டு

இதில் நம் மீதும் குறை உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டு, சிபில் என்றெல்லாம் காதில் விழும்போது, இது வசதி உள்ளவர்கள் விவகாரம், நமக்கென்ன என்று நாமும் தொழிற்சங்கங்களும் இருந்துவிட்டோம். போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் மனு எழுதத் தெரிந்த நம் சங்கங்களில், பாங்குக்கு ஒரு மறுப்புக் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கண்டக்டர் 2023 ஜனவரியிலேயே நம்மிடம் வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அவர் ஏன் வரவில்லை? கடன் விவகாரம் என்றால் வெளியே சொல்ல வெட்கம். அந்த வெட்கம்தான் வசூல் ஏஜெண்டின் பெரிய ஆயுதம். அதை முதலில் பிடுங்கிப் போட வேண்டும்.

பாங்கு ஊழியர்கள் நமக்கு எதிரிகள் அல்ல. இத்தனை கார்டு தலையில் கட்டியாக வேண்டும் என்று மேலிருந்து கணக்கு நிர்ணயித்து அவர்களை விரட்டுகிறார்கள். கிளையில் இருக்கும் குமாஸ்தாவுக்கு ஏட்டைத் திருத்தும் அதிகாரமும் இல்லை. அவரோடு சண்டை போடுவதில் பயனில்லை. சண்டை, கணக்கை நிர்ணயிக்கிறவர்களோடு.

செய்ய வேண்டியது என்ன?

கார்டிலோ கணக்கிலோ நீங்கள் செய்யாத செலவு வந்தால், அந்த நிமிஷமே பாங்குக்குச் சொல்லுங்கள். 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். வாயால் சொன்னதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுத்து, தேதியும் புகார் எண்ணும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். போலீஸில் கொடுத்த புகாருக்கும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும் என்பது விதி. அப்படியும் ஏமாந்துவிட்டால், மறைக்காமல் உடனே சொல்லுங்கள்; சொன்ன பிறகு நடக்கும் திருட்டுக்கு நீங்கள் பொறுப்பல்ல.

பாங்கு உங்கள் புகாரை முடித்துக் கடிதம் அனுப்பினால் சும்மா இருக்காதீர்கள். “இந்தத் தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. தாவா தீரவில்லை. தாவா உள்ள தொகையைத் தவறிய கடன் என்று யாருக்கும் தெரிவிக்கக் கூடாது” என்று எழுதி அனுப்புங்கள். இந்த மூன்று வாக்கியம் போதும். குறைதீர்ப்பாளரிடம் போகக் காலக்கெடு உண்டு, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். ஏஜெண்டு காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஏழு மணிக்குப் பின்னும் பேசக் கூடாது என்று 2022ல் ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. வேலை செய்யும் இடத்துக்கு வந்து அவமானப்படுத்தினால் அதற்கும் தனியாகப் புகார் கொடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு கடன் தகவல் கம்பெனியும் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற ஏற்பாடு 2017 ஜனவரி முதல் வந்தது. கடன் தேவைப்படும் வரை காத்திருக்காமல் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு சங்கக் கிளையும் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கி, உறுப்பினர்களுக்கு அறிக்கை எடுத்துக் கொடுக்கட்டும். தெரியாமல் ஏறிய பொய்கள் எத்தனை என்று அன்று தெரிந்துவிடும்.

நமது கோரிக்கைகள்

தனித்தனியாக மனு எழுதுவது மட்டும் போதாது. சட்டம் மாற வேண்டும். மத்திய சர்க்காரையும் ரிசர்வ் பாங்கையும் நாம் வற்புறுத்துவது:

1. மோசடி என்று வாடிக்கையாளர் எழுத்து மூலம் மறுத்த தொகையை, குறைதீர்ப்பாளரோ கோர்ட்டோ முடிவு சொல்லும் வரை தவறிய கடன் என்று ஏட்டில் ஏற்றக் கூடாது. மீறும் பாங்குக்கு அபராதம் விதிக்க வேண்டும்.

2. 2005ம் ஆண்டுச் சட்டத்தின் 21வது பிரிவைத் திருத்த வேண்டும். தாவாவில் ஒரு கட்சியாக உள்ள பாங்கின் சான்று ஒன்றே ஏட்டைத் தீர்மானிக்கக் கூடாது.

3. போலீஸ் புகார் ரசீதோடு திருத்தம் கேட்பவரின் ஏட்டில் அந்த விவரத்தை நான்கு வேலை நாட்களுக்குள் மறைக்க வேண்டும்.

4. ஆதாரம் இல்லாமல் மறுத்துப் பதில் எழுதுவதைத் தீர்வு என்று கணக்கிடக் கூடாது. பொய்ப் பதிவால் கடனோ வேலையோ இழந்தவருக்கு நாளுக்கு 100 ரூபாய் என்றில்லாமல் உண்மையான நஷ்டத்தைத் தர வேண்டும்.

5. தாவா உள்ள பதிவைக் காரணம் காட்டி மாணவர்களின் கல்விக் கடனையோ, எவருடைய வேலையையோ மறுக்கக் கூடாது. மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்ற காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023ல் கேரள உயர் நீதிமன்றம் கூறியதை நாடு முழுவதும் விதியாக்க வேண்டும். பெற்றோர் பெயரிலுள்ள பொய்ப் பதிவுக்கும் அது பொருந்த வேண்டும்.

6. நிராகரிப்புக் கடிதமும் கடன் அறிக்கையும் அந்தந்த மாநில மொழியில், தமிழ்நாட்டில் தமிழில், தரப்பட வேண்டும்.

இவற்றில் எதுவும் பாங்குகளைத் திவாலாக்கும் கோரிக்கை அல்ல. கடன் வாங்கியவன் கட்டட்டும். அதை நாம் மறுக்கவில்லை. வாங்காதவனைக் கட்டச் சொல்லாதே, கட்டாததற்காக அவன் பெயரைக் கெடுக்காதே என்றுதான் சொல்கிறோம்.

உழைத்துப் பிழைக்கிறவனுக்குச் சொத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. “இவன் சொன்ன சொல் தவறாதவன்” என்று நாலு பேர் சொல்லும் நல்ல பெயர் ஒன்றுதான் உண்டு. அதை நம்பித்தான் கடைக்காரர் அரிசி கொடுக்கிறார். சங்கம் கடன் கொடுக்கிறது. சம்பந்தம் பேச ஆள் வருகிறது. அந்தப் பெயரை, முகம் தெரியாத ஒரு கம்பெனி, யாரையும் கேட்காமல், ஒரு வரியில் அழித்துவிட இடம் கொடுக்க முடியாது.

கண்டக்டரின் மகள் இன்று நர்ஸிங் படிக்கிறாள். தகப்பனார் டெப்போவில் மற்ற தொழிலாளிகளுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். அவரிடம் இதுவரை ஏழு பேர் வந்திருக்கிறார்கள். உங்கள் டெப்போவில், உங்கள் மில்லில், உங்கள் ஆபீஸில் எத்தனை பேர் வெட்கத்தோடு வாய்மூடி இருக்கிறார்கள்? தேடிப் போய்க் கேளுங்கள். சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்.